தேவைப்படின்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதறேன். உடம்பு நல்லா இருக்கு, உள்ளங்கால் மட்டும் கொஞ்சம் முணுமுணுக்குது. நீ நேரத்துக்குச் சாப்பிடறியா? பொய் சொல்லாம பதில் எழுது.

போன் பண்ணலைன்னு கோவிச்சுக்காதே. எங்க வேலையோட லட்சணமே இதுதான். நாங்க இருக்கற இடத்துல லைன் இருக்காது. லைன் வந்துட்டா நாங்க அங்க இருக்க மாட்டோம். ஊருக்கெல்லாம் இன்டர்நெட் குடுக்கறவன் கடுதாசி எழுதறான்னு எலி சிரிக்கறான். கேபிள் உருளை ஏத்திக்கிட்டு வர்ற லாரி டிரைவர்தான் எங்களுக்குத் தபால்காரர்.

எலி யாருன்னு கேப்பே. என் ஜோடி. ஒல்லியா இருப்பான், எந்தப் பொந்துலயும் நுழைஞ்சுடுவான், அதான் எலி. ரோட்டுக்கு அடியில மூடி போட்ட அறை இருக்கும், சேம்பர்னு சொல்லுவோம். அவன் அதுக்குள்ள இறங்கி கேபிளை இழுத்துச் சேர்ப்பான். அவன் இடுப்புல கட்டின கயிறு என் கையில. உள்ளே ஒருத்தர் இறங்கினா மேலே ஒருத்தர் நிக்கணும், வேற எந்த வேலையும் செய்யக் கூடாது. அரசாங்கப் பணத்துல நடக்கற வேலைங்கறதால அரசாங்கம் போட்ட விதி இது. கூலியும் அவங்க நிர்ணயம் பண்ணினதுதான், காண்ட்ராக்டர் இஷ்டத்துக்கு இல்ல.

நாள் முழுக்க நிக்கறதால கேம்ப்ல எனக்கு வெச்ச பேரு 'நிலைய வித்வான்'. பேரைக் காப்பாத்தணுமேன்னு நின்னுக்கிட்டே பாடவும் செய்யறேன். கீழேயிருந்து எலி கத்துவான்: "வித்வானே, இருக்கற காத்தையும் கெடுக்காதே." ஆனா நிறுத்தவும் விடமாட்டான். பாட்டு நின்னா நான் டீக்குப் போயிட்டேன்னு அவனுக்குச் சந்தேகம்.

நீ அரசாங்க ஆபீசுல உக்காந்து சம்பாதிக்கறே, நான் நின்னு சம்பாதிக்கறேன். நம்ம வீட்டுல யாருமே குனியல பாரு.

அம்மாவோட முழங்கால் எப்படி இருக்கு? என்கிட்ட கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லும். நீ நிஜத்தை எழுது.

அண்ணன்


ஜனவரி 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன். நேரத்துக்கு என்று சொன்னால்தான் பொய். உன் உள்ளங்காலை இரவில் வெந்நீரில் வை.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க இரண்டு பஸ் மாறிப் போய்விட்டு வந்தால் மறுநாள் முழுதும் படுக்கை. ஊருக்கு லைன் வந்துவிட்டால் மருத்துவர் திரையிலேயே பார்த்துவிடுவார், நம் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தே காட்டலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சிக்னல் கிடைக்கும் பஸ் நிறுத்தம் வரை நொண்டிக்கொண்டே வந்து எனக்குப் போன் செய்கிறாள். "உன் ஆபீசுல என்ன சொல்றாங்க, எப்ப வருதாம்?" என்கிறாள், நான்தான் கையில் வைத்துக்கொண்டு தராமல் இருப்பது போல.

வேடிக்கை என்னவென்றால், இப்போது என் மேசையில் இருப்பதும் உங்கள் வேலைதான். நிர்ணயித்த கூலி, பயிற்சி, மேலே ஓர் ஆள். இந்த விதிகளால் பொதுப்பணத்துக்கு எவ்வளவு கூடுதல் செலவு என்று குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒதுக்கிய பணம் கூடப்போவதில்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு கூடினால் கிலோமீட்டர்தான் குறைய வேண்டும், குறைவது எப்போதும் கடைசியிலிருந்து. இந்தக் கட்டத்துக்கான ஊர்களைத் தொகுப்பு தொகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், கடைசித் தொகுப்பில் நம் ஊர் இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

உன் பட்டப்பெயரை ஆபீசில் டீ நேரத்தில் சொன்னேன். என் மேலதிகாரி, பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார் என்று சொல்லியிருக்கிறேனே, அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஒன்று கேட்கட்டுமா? அந்தக் கயிற்றை நீ உண்மையிலேயே இழுக்க வேண்டி வந்தது எத்தனை முறை?

உன் காலைக் கவனித்துக்கொள்.

பாப்பா


பிப்ரவரி 15

அன்புள்ள பாப்பா,

கால் பரவாயில்ல. வெந்நீர் வெச்சேன், எலி அதை எடுத்துக் குளிச்சுட்டான்.

எத்தனை தடவைன்னு கேட்டியே. ஒரு தடவைகூட இல்ல. எலியோட பழைய ஜோடியும் இழுத்ததில்லையாம். "என்னை இழுக்கறதுக்கு இல்லடா நீ, என் பொண்டாட்டி கேட்டா பதில் சொல்றதுக்கு"ங்கறான்.

ஆனா ரோட்டுல போறவங்க பாக்கற பார்வை இருக்கே, அதுதான் தாங்க முடியல. போன வாரம் ஒரு ஸ்கூட்டர்காரர் வண்டியை ஓரங்கட்டிட்டு, தம்பி நீ என்ன வேலை பாக்கறேன்னு கேட்டார். நிக்கறேன் சார்னு சொன்னேன். கூலி எவ்வளவுன்னு கேட்டார், அதையும் சொன்னேன். என் வரிப்பணம்னு தலையில அடிச்சுக்கிட்டுப் போனார். அன்னியிலேர்ந்து யாராவது வந்தா ஒரு மண்வெட்டியை எடுத்துக் கையில வெச்சுக்கறேன், வெட்டப்போறவன் மாதிரி.

உன் குறிப்புல வேணும்னா எழுதிக்கோ, எங்கண்ணன் தண்டச் சம்பளம் வாங்கறான்னு. எலியும் சாட்சிக் கையெழுத்துப் போடறேங்கறான்.

நம்ம ஊரு கடைசித் தொகுப்புன்னு எழுதினியே, அது மனசுல உறுத்துது. அம்மா எனக்கும் கடுதாசி போட்டுக் கேட்டுச்சு. வரும்மா, நானே கொண்டுவர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். நீதான் காப்பாத்தணும்.

குளிருக்குப் போர்த்திக்கிட்டுப் படு.

அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் குறிப்புதான் காரணம். இருமல் இருந்தது, போய்விட்டது. ஆபீசில் எங்கள் மூன்றாம் மாடி ஜன்னல் மூட வராது, இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. காகிதங்கள் பறக்காமல் இருக்க அகராதியை வைத்திருக்கிறேன். அதை யாரும் வேறு எதற்கும் எடுப்பதில்லை.

நல்ல செய்தி. கடைசித் தொகுப்பு தப்பித்தது. நம் ஊர் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடமெல்லாம் அப்போதே சொல்லிவிட்டாள், எனக்குக் கேட்டது.

எப்படி என்று முழுதும் எழுத முடியாது, உத்தரவு வரும்வரை வெளியில் பேசக் கூடாது. மேலதிகாரி ஒரு விதியை முழுதாக அடித்துவிட்டிருந்தார். நான் விடவில்லை. அடிப்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் நடுவில் ஒரே ஒரு சொல்லைப் போட்டுக் காப்பாற்றினேன். படித்துப் பார்த்துவிட்டு, "மொழி தெரிஞ்சவங்க வேணும்னு சொல்றது இதுக்குத்தான்" என்றார். இத்தனை நாள் வாசித்ததற்கெல்லாம் அன்றைக்குத்தான் யாரோ மரியாதை செய்தது போல இருந்தது. வெறும் எண்களாக இருக்கிறது, மனதில் நிற்கிற மாதிரி ஓர் உதாரணம் வேண்டும் என்றும் கேட்டார். கொடுத்தேன்.

எலி அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

பாப்பா


ஏப்ரல் 12

அன்புள்ள பாப்பா,

இங்க வெயில் தொடங்கிடுச்சு. மத்தபடி சுகம். நீ எழுதினது போலவே நம்ம ஊரு பேரு பட்டியல்ல இருக்கு. மேஸ்திரி காட்டினார், தடவிப் பார்த்தேன்.

அதே நாள்ல இன்னொரு உத்தரவும் வாசிச்சார். சேம்பர்ல ஆள் இறங்கும்போது 'தேவைப்படின் மேலே ஒருவர் நிறுத்தப்படலாம்'. மேஸ்திரிக்கு வாயில நுழையல, ரெண்டு தடவை வாசிச்சார். தேவைப்படின்னா யாருக்குத் தேவைப்படணும்னு எலி கேட்டான். மேஸ்திரி யோசிச்சுட்டு, "உங்களுக்குத்தான். காலையில கேப்பேன், வேணும்னா சொல்லுங்க"ன்னுட்டார். அவர் மேலயும் தப்பில்ல. அத்தனை கிலோமீட்டர் முடிக்கணும்னு அவர் கழுத்துல கத்தி.

ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். பேசும்போதெல்லாம் பேனா மூடியைக் கழட்டி மாட்டிக்கிட்டே இருந்தார். வந்து இறங்கினதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இங்கே நிலைய வித்வான் யாருப்பா?" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் காலையில மேஸ்திரி 'தேவையா'ன்னு கேட்டா, எப்படிப்பா வாயைத் திறந்து தேவைன்னு சொல்றது? தேவையில்லைன்னுட்டேன். இப்ப நானும் மண்ணு வெட்டறேன். கையெல்லாம் கொப்புளம். ஸ்கூட்டர்காரர் வரட்டும், காட்டறேன்.

பாடறதில்ல. மூச்சு வாங்குது.

அண்ணன்


ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

கொப்புளத்தை உடைக்காதே. துணி சுற்றிக்கொண்டு வேலை செய்.

அந்த அதிகாரி யாரென்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. ஆய்வுக்குப் பல பேர் போகிறார்கள்.

உத்தரவைப் படித்தேன். தேவை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, அண்ணா. அந்தச் சொல்லின் அர்த்தமே அதுதான். பழைய சேம்பர்களிலாவது கட்டாயம் கேள். கேட்டால் மறுக்க முடியாது. யார் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும். கேட்டாயா என்று எழுது.

அம்மா திரையில் மருத்துவரிடம் பேசும்போது எந்தப் புடவை கட்டுவது என்று இப்போதே யோசிக்கிறாள். முழங்காலைத்தானே காட்டப்போகிறாய் என்றேன். முகமும் தெரியுமே என்கிறாள். இங்கே ஜன்னலைச் சரிசெய்ய ஆள் வந்தான், சட்டமே வளைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். வேறு விசேஷம் இல்லை.

உடனே பதில் போடு.

பாப்பா


ஜூன் 22

பாப்பாவுக்கு,

உன் கடுதாசி வந்து ரொம்ப நாளாச்சு. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. அதை முதல்ல சொல்லிடறேன்.

எலிக்குத்தான். பல வருஷமா திறக்காத ஒரு சேம்பர். காலையில மேஸ்திரி வழக்கம்போலக் கேட்டார். எலி என் முகத்தைப் பார்த்தான். எப்பவும் அவன் அப்படிப் பார்த்ததில்ல. நான் மண்வெட்டியோட நின்னுக்கிட்டிருந்தேன், பக்கத்துல மத்த கேங்கு ஆளுங்களும் இருந்தாங்க. நீ எழுதினது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் தேவையில்லைன்னு சொன்னேன். அவன் இறங்கிட்டான்.

நான் கொஞ்ச தூரம் தள்ளி வெட்டிக்கிட்டிருந்தேன். டீ வந்தப்பதான் அவனைக் காணோம்னு தெரிஞ்சுது. கயிறு கட்டியிருக்கல. கட்டினா அதைப் பிடிக்க ஒரு ஆள் வேணுமே. மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு நானும் இன்னொருத்தரும் இறங்கித் தூக்கினோம். கெட்ட காத்து. உள்ளே போனதும் எனக்கே தலை சுத்துச்சு. அவன் எவ்வளவு நேரம் அதுல கிடந்தான்னு யாருக்கும் தெரியாது.

உசிரு இருக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டான். என்னைத் தெரியுது. பேசறான், ஆனா வார்த்தை கிடைக்கறதில்ல. தண்ணி வேணும்னா "அந்த… அந்த…"ன்னு கையை ஆட்டறான். நாம தண்ணின்னு சொன்னா ஆமான்னு தலையாட்டறான். தன் பொண்டாட்டி பேரையும் அப்படித்தான் தேடறான்.

விசாரணைக்கு வந்தாங்க. உத்தரவை எடுத்துக் காட்டினாங்க. "தேவையில்லைன்னு உங்க ஆளே சொல்லியிருக்காரு"ன்னு முடிச்சுட்டாங்க. உங்க ஆளுன்னா நான்.

அந்த வார்த்தையை எழுதினவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க கேட்டாங்க, பதில் சொன்னது நான்தானே.

அம்மாகிட்ட சொல்லாதே.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நலம் விசாரித்து ஒரு வரி எழுதியதும் கை நின்றுவிடும். நீ எப்படி இருக்கிறாய்? எலி அண்ணன் எப்படி இருக்கிறார்? இந்த இரண்டையும் கேட்க இத்தனை வாரம் ஆனது.

என் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்காவது தவறு இருக்கும், பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். தவறே இல்லை. ஒவ்வொரு சேம்பருக்கும் மேலே ஓர் ஆளை நிறுத்தினால் கடைசியில் அத்தனை ஊர்களுக்கு லைன் போகாது என்பது உண்மைதான். தவறாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மேலதிகாரியிடம் போய் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும் என்றேன். அவர் கோபிக்கவில்லை. எலி அண்ணனைப் பற்றி அவருக்கும் தகவல் வந்திருந்தது. அன்று பேனாவைத் தொடவே இல்லை. கடைசித் தொகுப்பின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, என் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார்.

"எடுத்துடலாம்மா. எந்தெந்த ஊரு வேண்டாம்னு நீயே அடிச்சுக் குடு."

நம் ஊர் வலது ஓரத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் பெயர் எழுத இடமில்லாமல் சாய்வாக எழுதியிருந்தார்கள். அம்மா எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டது ஞாபகம் வந்தது. நம் ஊரை விட்டுவிட்டு மற்ற ஊர்களை அடிக்கலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது, அதையும் எழுதிவிடுகிறேன். பென்சிலை வரைபடத்தின் மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பாப்பா


ஆகஸ்ட் 25

அன்புள்ள பாப்பா,

நான் நல்லா இருக்கேன். நீ சரியாச் சாப்பிடலைன்னு உன் கையெழுத்தே சொல்லுது.

அடுத்த கடுதாசியில எழுதறேன்னு சொன்னியே, அதை எழுதாதே. எனக்குத் தெரியும். உன் குறிப்புல இருந்த உதாரணம் யாருன்னு, பேனா மூடிக்காரர் வந்துட்டுப் போன அன்னிக்கே தெரியும். நீ எழுதிட்டா நான் பதில் எழுதியாகணும். என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியல. பரவாயில்லைன்னு எழுத முடியாது, அதைச் சொல்ல வேண்டியவன் எலி, அவனுக்கு வார்த்தை வரல. உன் மேல கோபம் வந்தா எனக்கு வசதியா இருக்கும். வரமாட்டேங்குது. நிக்கறது கேவலம்னு நினைச்சதை நீ ஒண்ணும் எனக்குள்ள போடல. அது ஏற்கனவே இருந்துச்சு.

பென்சில் விஷயம். எடுத்து அடின்னு நான் எழுதப்போறேன்னு நினைச்சேன். ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். வாக்குக் குடுத்த அம்மாகிட்டப் போய், உன் ஊரு இல்லம்மான்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதனால நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான், விடு.

ஞாயித்துக்கிழமை எலியைப் போய்ப் பார்க்கறேன். அவன் பொண்டாட்டி என்னை ஒரு வார்த்தை கேட்கல. டீ போட்டுக் குடுக்கறாங்க. அதைக் குடிச்சு முடிக்கறதுதான் இப்ப நான் செய்யறதிலேயே கஷ்டமான வேலை.

எங்க கேங்கை நம்ம ஊருப் பக்கம் அனுப்பறாங்க. மேலே ஆள் இல்லாமதான். சேம்பர்ல இனிமே நானே இறங்கறேன்னு சொல்லிட்டேன். பயப்படாதே, கயிறு கட்டிக்கிட்டு மறுமுனையை லாரியில முடிஞ்சு வெச்சுக்கறேன்.

உடம்பைப் பாத்துக்கோ.

அண்ணன்


நவம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அடுத்த கேம்புக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். முழுசாகப் போனாயா என்று லாரி டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

எழுதாதே என்றதை எழுதவில்லை. இது வேறு. அடுத்த கட்டத்தில் புதிதாக வரும் தொகுப்புகளுக்கான உத்தரவில் அந்தச் சொல் இல்லை. உள்ளே ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் நிற்க வேண்டும், அவ்வளவுதான். குறிப்பை நானே எழுதிக் கொடுத்தேன். அதனால் எந்தெந்த ஊர்களுக்கு லைன் போகாது என்பதையும் பெயர் பெயராக எழுதினேன். இந்த முறை கை தயங்கவில்லை. எல்லாம் நான் பார்த்திராத ஊர்கள். நம் ஊர் வேலை முடிந்துவிட்டது என்று தகவல் வந்த மறுவாரம்தான் எழுதினேன். அங்கேயும் யாரோ ஓர் அம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருப்பாள். நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. எப்போது செய்தேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காக எழுதினேன்.

நேற்று அம்மா சுகாதார நிலையத்திலிருந்து என்னைத் திரையில் கூப்பிட்டாள். மருத்துவர் முழங்காலைப் பார்த்து மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டாராம். நீலப் புடவை கட்டியிருந்தாள். பின்னால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், நர்ஸ் ஒரு குழந்தையைத் தூக்கி எனக்குக் காட்டினார். அம்மா கருவியை ஜன்னல் பக்கம் திருப்பி நீ வெட்டிய தெருவைக் காட்டினாள். மண் இன்னும் படியவில்லை.

பிறகு என்னை உற்றுப் பார்த்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். இங்கே வெளிச்சம் போதவில்லை என்றேன். உன் பின்னால் ஜன்னல் பளிச்சென்று தெரிகிறதே என்றாள். நான் சிரித்து வைத்தேன். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எந்த மகராசன் இதுக்கு எழுதிக் குடுத்தானோ, அவன் கை நல்லா இருக்கணும்."

என் முகத்தை அதற்கு மேல் அவள் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. படத்தை நிறுத்திவிட்டேன். ஏன் இருட்டாகிவிட்டாய் என்று கேட்டாள். லைனில் ஏதோ கோளாறு என்றேன். அவளும் நம்பி, இருட்டைப் பார்த்தே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நீ போட்ட லைனில் ஒரு கோளாறும் இல்லை, அண்ணா. ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

பாப்பா